கூகுளில் முதலாவதாக வந்த சோறு

சந்திரகாந்தா அக்காவுக்கு ஒரு பழக்கம். யாராவது அவர் சமைத்ததை நல்லது என்று சொல்லிவிட்டால், பதிலுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் அவரால் இருக்க முடியாது. வீதியில் போகிறவர் தூரத்திலிருந்து கையசைத்து "நேத்து சாப்பாடு நல்லா இருந்திச்சு" என்றால்கூட, கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடிவந்து, "ரொம்ப சந்தோசங்க, மறுபடி வாங்க" என்று சொன்ன பிறகுதான் உள்ளே போவார். நல்ல பழக்கம்தானே என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நல்ல பழக்கம் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் உலகத்தின் நடுவீதியில் நிறுத்தும் என்று யார் கண்டது?

நான் ஸுலைஹா. மாத்தளை டவுனில் எங்கள் வாப்பாவின் கொமியூனிகேஷன் கடையை நான்தான் நடத்தினேன். போட்டோ கொப்பி, வெளிநாட்டுக்குக் கோல், சுவரோரமாக இன்டர்நெட் பார்க்கிற கம்ப்யூட்டர்கள். எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். அக்காவின் கதையைச் சொல்லும்போது அந்தக் கோபம் இடையிடையே வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது மாத்தளைக்கு மேலே ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில். எழுபத்தேழு கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். அவரோடு கூடப்பிறந்த மூத்தவர் கிருஷ்ணம்மா, புருஷனோடு உடுத்த துணியில் வன்னிக்குப் போய், கிளிநொச்சிப் பக்கம் காடு வெட்டிக் குடியேறினார். சின்னவரான நம் அக்கா போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டால், "அடுப்புல சோறு கெடந்திச்சு, எப்படிப் போறது?" என்று சிரிப்பார். பிறகு துரை பங்களாவில் கோக்கி ஆனார். சமையல் செய்கிறவரை எங்கள் நாட்டில் அப்படித்தான் சொல்வோம். அங்கே துரைசானியிடம் கேட்டுக் கேட்டு வந்தது அவருடைய ஆங்கிலம். புருஷன் இராமசாமி காய்ச்சலில் போனார், பிள்ளைகுட்டி இல்லை. பங்களாவையும் விற்றுவிட்டார்கள். அதன் பிறகுதான் அக்கா பல்லேபொல பஸ் போகிற பாதையோரம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து, தம்புள்ளைக்குப் போகிற வெள்ளைக்காரர்களுக்குப் பகல் சோறு போடத் தொடங்கினார்.

சும்மா போடுவதில்லை. வந்தவர்களையே சமைக்க வைப்பார். ஒருவருக்குத் தேங்காய் திருவலை, ஒருவருக்கு அம்மி, ஒருவருக்குப் பொலஸ், அதாவது பிஞ்சுப் பலாக்காய், வெட்டுகிற வேலை. வெங்காயம் உரித்துக் கண்ணும் மூக்கும் ஒழுக ஒழுக வேலை செய்துவிட்டு, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு, கட்டிப்பிடித்து முத்தம் வேறு கொடுத்துவிட்டுப் போவார்கள். என்ன பைத்தியமோ என்று நான் சிரிப்பேன். வேன் ஓட்டுகிற ரவூப் நானாதான் ஆட்களைக் கொண்டுவந்து இறக்குவார்.

அவர்தான் ஒரு நாள் கடைக்கு வந்து, "சந்திரகாந்தாவப் பத்தி இன்டர்நெட்ல எழுதீக்கிறாங்களாம், எடுத்துப் பாருங்க தங்கச்சி" என்றார். பார்த்தேன். பயணம் போகிறவர்கள் கூடிப் பேசுகிற ஒரு ஃபோரம். ஒருவர் "மாத்தளையில் எங்கே சாப்பிடலாம்?" என்று கேட்டிருக்க, இன்னொருவர் அக்காவின் வீட்டுக்கு வழி எழுதி, அந்தப் பொலஸ் கறியை இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன் என்று எழுதியிருந்தார். அக்காவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன். உடனே, "ஐயோ, அவருக்கு நன்றி சொல்லணுமே, எழுது புள்ள" என்று பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

எழுதினேன். அதன் பிறகு யார் ஒரு வரி எழுதினாலும் அக்கா வந்துவிடுவார். "உங்க மகளுக்கு இப்ப இருமல் எப்படி?" என்று ஒருவருக்கு, "அடுத்த தடவை அம்மாவையும் கூட்டிட்டு வாங்க" என்று ஒருவருக்கு. அந்த ஃபோரத்தின் விதம் என்னவென்றால், கடைசியாக யாராவது வாய் திறந்த பேச்சுத்தான் மேலே வந்து நிற்கும். மேலே நின்றால் ஆட்கள் பார்ப்பார்கள், பார்த்தவர்கள் தாங்களும் எழுதுவார்கள், இத்தனை பேர் பேசுகிற இடத்தில் ஏதோ விஷயம் இருக்கிறது என்று கூகுள் அதைத் தூக்கி முன்னால் வைத்துவிடும். கடைசியில் மாத்தளை, சாப்பாடு என்று உலகத்தில் எவர் தேடினாலும் முதலாவதாக வந்தது அக்காவின் அடுப்படி. கொழும்புக் கம்பனிக்குக் கொடுத்து வெப்சைட் செய்த ஸ்பைஸ் கார்டன் முதலாளிமார் எல்லாரும் அவருக்குக் கீழே நின்றார்கள். அதில் ஒருவர், ஸக்கரியா ஹாஜியார், கடைக்கே வந்து, "இந்த வேலைய எங்களுக்கும் செஞ்சி குடுங்க மகள்" என்றார். நன்றி சொல்வதைத் தவிர நாங்கள் எதுவும் செய்யவில்லை என்று சொன்னேன். அவர் நம்பவில்லை.

இனி அந்தப் பிள்ளையின் பேச்சு. கிருஷ்ணம்மாவின் மகள் தயாளினி. வன்னியில் இயக்கத்துக்காரர் சண்டைக்கு வீட்டுக்கு ஒரு பிள்ளையைக் கேட்டு வந்த காலத்தில், வன்னிப் பாதை மூடுவதற்குச் சற்று முன், தாய் அவளை எப்படியோ சின்னம்மாவிடம் அனுப்பிவிட்டார். அங்கே இருந்தால் அவர்கள் பிடித்துப்போவார்கள், இங்கே இருந்தால் அடையாள அட்டையில் கிளிநொச்சி என்று இருப்பதைக் கண்டு ஆமி, பொலிஸ் என்று இவர்கள் பிடித்துப்போவார்கள். இதில் எது நீதி, எது நியாயம்? பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளை. வீட்டில் இருப்பவர்கள் என்று பொலிஸில் பதிந்த பெயர்களில் அவள் பெயர் இல்லை. பதியப் போனால் விசாரணைக்குக் கொண்டுபோவார்கள், கொண்டுபோன பிள்ளைகள் எல்லாம் திரும்பி வரவில்லை. அக்கம்பக்கத்தில், பக்கத்து ஊர் நாவுலயில் இருந்து வந்த சொந்தக்காரப் பிள்ளை என்று சொல்லியிருந்தோம். ஆனால் வாயைத் திறந்தால் வடக்குப் பேச்சு வந்துவிடும், "ஓம்" என்பாள், "கதைக்கிறது" என்பாள். அதனால் வெளியில் அவள் ஊமை மாதிரி.

அவள் வாய்விட்டுப் பேசியது வெள்ளைக்காரர்களிடம் மட்டும்தான். ஆங்கிலம் நன்றாக வரும், வந்தவர்கள் பின்னேரம் வேனில் ஏறிப் போய்விடுவார்கள், அதனால் என்ன பயம் என்று நினைத்திருக்கிறாள்.

தம்புள்ளையில் பஸ்ஸில் குண்டு வெடித்த வருடம். ஒல்லாந்திலிருந்து மார்லீன் என்று ஒரு பெண் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். ஒரு காலை அவள் ஃபோரத்தில் எழுதியதை நான் அக்காவுக்கு வாசித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொலஸ் கறி, பருப்பு, அக்காவின் சிரிப்பு. அடுத்த வரிக்கு வந்ததும் வாசிப்பதை நிறுத்திவிட்டேன்.

"என்ன புள்ள? வாசியேன்."

வாசித்தேன். 'அந்த வீட்டின் அழகு தயாளினி என்ற பெண். கிளிநொச்சியில் யுத்தத்தில் இருந்து தப்பி வந்து, யாருக்கும் தெரியாமல் சித்தியுடன் வாழ்கிறாள். போனால் அவளுடன் பேசுங்கள்.' கீழே படம். தயாளினி தேங்காய் திருவிக்கொண்டு சிரிக்கிறாள்.

அக்கா கையை நீட்டிக் கண்ணாடித் திரையில் அந்தப் பிள்ளையின் முகத்தை மறைத்தார். பின்னால் யாரும் இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

அந்த மார்லீனைத் திட்டாத திட்டு இல்லை. கெட்டவள் இல்லை, நல்ல மனதில்தான் எழுதினாள், அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அவளுக்குத் தனியாக எழுதினேன், பதில் இல்லை. எந்த நாட்டில் எந்த மலையில் ஏறிக்கொண்டிருந்தாளோ! ஃபோரத்தை நடத்துகிறவர்களுக்கு எழுதினேன். 'உண்மையாக வந்து சாப்பிட்டவர் எழுதியதை நாங்கள் நீக்குவதில்லை. எல்லா உரிமையாளர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள்' என்று பதில் வந்தது. காரணத்தைச் சொல்லலாம் என்றால், அந்தக் காரணத்தையே அல்லவா மறைக்கப் பார்க்கிறோம்? அவசரத்தில் அந்தப் பேச்சிலேயே, 'தயவுசெய்து அந்தப் பெண்ணைப் பற்றி எழுத வேண்டாம்' என்று போட்டேன். போச்சு. 'ஏன், என்ன ஆயிற்று?', 'அந்தப் பெண் நலமா?' என்று ஆளாளுக்குக் கேட்க, பேச்சு இன்னும் மேலே வந்து உட்கார்ந்துகொண்டது. வேறு ஏதேதோ புதுப் பேச்சுகள் தொடங்கிப் பார்த்தேன். எதுவும் அதைக் கீழே தள்ளவில்லை. அத்தனை நன்றியையும் போட்டு அல்லவா வளர்த்து வைத்திருந்தோம்.

பிள்ளையை வேறெங்காவது அனுப்பவும் வழியில்லை. எந்த பஸ்ஸில் ஏறினாலும் வழியில் இறக்கி அட்டை பார்க்கிற காலம்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு பகல் அவன் வந்தான். ஒட்ட வெட்டிய முடி, சாதாரண சேர்ட், ஆனால் சப்பாத்து ஆமிக்காரர் போடுகிற சப்பாத்து. கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்து என்னைத் தங்கச்சி முறையில் 'நங்கி' என்று கூப்பிட்டு, சிங்களத்தில் சொன்னான்: "எங்க முகாமுக்குப் புதுசா வந்த பெரிய ஆபிசர் சேருக்கு வெளிநாட்டு விருந்தாளிங்க வாறாங்க. இந்தப் பக்கத்தில நல்ல சாப்பாட்டு இடம் ஒண்ணு இன்டர்நெட்ல பார்த்துட்டு வரச் சொன்னார். தேடிக் குடுங்க நங்கி."

வேறு எதைத் தட்டுவது? அவன் கண் முன்னால் தட்டினேன். முதலாவதாக அதுவே வந்தது.

"இதுதானே முதல்ல இருக்கு. என்ன எழுதியிருக்கு?"

வாசித்தேன். கறி, சோறு, சிரிப்பு. அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். படம் வருவதற்குள் பக்கத்தின் தலைக்கே திரும்பிவிட்டேன். 

"பிரின்ட் ஒண்ணு எடுங்க. சேர் இங்கிலீஷ் ஒரு எழுத்து விடாம வாசிப்பார்."

"இங்க் முடிஞ்சிட்டு," என்றேன். யா அல்லாஹ், அந்தப் பொய் எங்கிருந்து வந்ததோ.

"சரி, நாளன்னைக்கு வாறேன். சேர் எங்க போறதா இருந்தாலும் முன்னாடியே நாங்க போய் வீட்டைப் பார்த்து, உள்ள இருக்கிறவங்க பேரெல்லாம் எடுப்போம். அதுக்கும் நேரம் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

கடையை இழுத்துச் சாத்திவிட்டு அக்கா வீட்டுக்கு ஓடினேன். தயாளினி கிணற்றடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும், "என்னக்கா, ஆரும் வந்தவையோ?" என்று கேட்டாள். நான் நேரே உள்ளே போனேன்.

அக்கா முழுவதையும் கேட்டார். "அந்தப் பக்கம் இல்லாம போனா மட்டும் பத்தாது புள்ள," என்றார். "நல்ல சாப்பாடுன்னு பேர் இருக்கிற வரைக்கும் அவங்க வருவாங்க. வந்தா பேர் எடுப்பாங்க. இங்க ஒருத்தரும் வரவே கூடாது."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அதுக்கு நான் என்ன செய்ய? அந்த ஃபோரம்காரன் நல்லதச் சொன்னா அசைய மாட்டான். சொந்தக் கடைய கள்ளப் பேர்ல புகழ்ந்து எழுதி மாட்டிக்கிட்டா மட்டும்தான் முழுசா தூக்கி எறிவான். அந்த எடத்துக்கு மோசடிக்காரன்னு பேரும் போட்டு வைப்பான். அப்படித்தான் சட்டம் எழுதி வச்சீக்கிறான்."

சும்மா வாயில் வந்ததைத்தான் சொன்னேன். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசாவா தூக்குவான்? மார்லீன் எழுதினது, படம், எல்லாம்?"

"அக்கா, உங்களுக்கென்ன பைத்தியமா? பொறகு ஒரு வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் தல வச்சிப் படுக்க மாட்டான். உங்க பேரு நாறிப் போகும்."

"போகட்டும். நீ நட கடைக்கு."

பின்னேரம் முழுவதும் உட்கார்ந்தோம். ஒவ்வொரு பெயராகத் திறந்தேன். லண்டன் ஜோன், பாரிஸ் மேரி, இன்னும் ஏதேதோ கோமாளிப் பெயர்கள். "சொல்லுங்க அக்கா. உங்களை நீங்களே புகழுங்க."

"என்னான்னு சொல்றது?"

"உலகத்திலேயே நல்ல சாப்பாடுன்னு சொல்லுங்க."

"ச்சீ, வாய் கூசுது. பருப்புல சில நாளைக்கு உப்பு கொஞ்சம் கூடிப் போகும், ஆனா..."

"அக்கா! உப்பப் பத்தி இப்ப யாரு கேட்டா?"

அவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அந்த நிலைமையிலும் எங்கள் இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானே எழுதினேன். எல்லாப் பெயரிலும் ஒரே வசனம், ஒரே புகழ்ச்சி, சின்னப் பிள்ளைக்கும் கள்ளம் என்று தெரியும்படி.

மறுநாள் கடை திறந்ததும் பார்த்தேன். அநியாயத்தைக் கேளுங்கள், அத்தனை பேரும் நம்பிவிட்டார்கள்! 'இத்தனை பேர் சொல்கிறார்கள், நாங்களும் போகப் போகிறோம்' என்று எழுதியிருந்தார்கள். பேச்சு முன்னையைவிட உயரத்தில் நின்றது. தயாளினியின் படம் அப்படியே இருந்தது. நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். வேறு எந்த நாளிலாவது இது எங்களுக்கு எவ்வளவு பெரிய சந்தோஷமாக இருந்திருக்கும்.

அக்கா வந்தார். பார்த்தார். "அவங்களுக்குத் தானா தெரியாட்டி நாமதான் சொல்லணும். நீ என்னைக் காட்டிக் குடு," என்றார்.

"என்னால ஏலாது அக்கா."

"நான் சொல்றேன், நீ எழுது."

புகழத் தெரியாத அந்த மனுஷி, திட்டுவதற்கு ஒரு நொடியும் தடுமாறவில்லை. "மாத்தளையில சந்திரகாந்தான்னு ஒருத்தி இருக்கா. அவ பொய்க்காரி. ஒரு கடையில உக்காந்து தானே தன்னைப் பத்தி எழுதிக்கிறா. எல்லாப் பேரும் ஒரே மெசின்ல இருந்துதான் வருது, தேடிப் பாருங்க. அவள நம்பிப் போன நான் ஏமாந்தேன். மத்தவங்க ஏமாற வேணாம்." நான் அழுதுகொண்டே ஆங்கிலத்தில் அடித்தேன். ஃபோரத்தை நடத்துகிறவர்களுக்கு அனுப்பினேன். அன்று மாலை வரை ஒன்றும் நடக்கவில்லை.

அவன் வருவதாகச் சொன்ன நாள் விடிந்தது. காலையிலிருந்து கரண்ட் இல்லை. அக்கா நேரத்தோடே வந்து சுவரோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். பக்கம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வழியில்லை. தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை.

வாசலில் ஜீப் நின்ற சத்தம் கேட்டது. அவன் உள்ளே வந்தான். அதே நேரம் கரண்டும் வந்தது. ஒரு நிமிடம் பிந்தியிருந்தால், கரண்ட் இல்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கலாம்.

"இங்க் வந்திட்டா நங்கி?"

"வந்திட்டு," என்றேன். மேசையில் புது டப்பா கிடந்தது, அதை மறைக்க மறந்துவிட்டேன். கம்ப்யூட்டரைப் போட்டேன். லைன் கிடைக்கவில்லை, கிடைத்தது, அறுந்தது, மறுபடி கிடைத்தது. அவன் என் தோளுக்குப் பின்னால் குனிந்து நின்றான். கூகுளில் முதலாவதாக அதுவே இருந்தது. தட்டினேன். வெள்ளைத் திரை. மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கியது, ஃபோரத்தின் பெயர், அதன் கீழே கோடு. இனி வரப்போவது பிள்ளையின் முகம் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இது என்ன? அன்னைக்கு இருந்த மாதிரி இல்லையே. வாசிங்க."

கண்ணைத் திறந்தேன். படம் இல்லை. மார்லீன் இல்லை. எங்கள் நன்றிகள் ஒன்றும் இல்லை. சிவப்பு எழுத்தில் நாலு வரி மட்டும். "இந்தப் பேச்சு நீக்கப்பட்டது," என்று சிங்களத்தில் சொல்லத் தொடங்கினேன். "மாத்தளை சந்திரகாந்தாவின் வீடு, பொய்ப் பெயர்களில் தன்னைத் தானே புகழ்ந்து பயணிகளை ஏமாற்றியது. அங்கே போக வேண்டாம்."

அவன் நிமிர்ந்தான். "கள்ள வேலை! நல்ல வேளை சேரைக் கூட்டிட்டுப் போகல்ல," என்று சிரித்தான். பிறகு சுவரோரம் இருந்த அக்காவைப் பார்த்து, "அம்மா இந்த ஊரா? இந்த மனுஷியத் தெரியுமா?" என்று கேட்டான்.



அக்கா எழுந்து நின்றார். பங்களாவில் துரைமாருக்கு முன்னால் நின்ற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, நல்ல சிங்களத்தில் சொன்னார்: "தெரியும் மாத்தயா. நல்லாத் தெரியும். அதுல எழுதியிருக்கிறது உண்மைதான். ஊரை ஏமாத்துறவ. சாப்பாடும் வாயில வைக்க ஏலாது."

"தேங்காய்ச் சம்பல்கூடவா?" என்று அவன் விளையாட்டாகக் கேட்டான்.

"அதுவும்தான் மாத்தயா," என்றார் அக்கா.

அவன் பிரின்ட் எடுக்கச் சொன்னான், சேருக்குக் காட்ட வேண்டுமாம். எடுத்துக் கொடுத்தேன். தாளை மடித்துப் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு படி இறங்கிப் போனான். ஜீப் சத்தம் தூரமாகும் வரைக்கும் அக்கா கட்டிய கையை எடுக்கவில்லை. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அவர் வந்து என் முதுகைத் தடவிவிட்டு, "புள்ள வீட்ல தனியா இருக்கா, நான் போறேன்," என்றார்.

முகாமின் விருந்து வேறெங்கோ நடந்தது. அக்காவின் வாசலில் அதன் பிறகு ஜீப்பும் நிற்கவில்லை, வேனும் நிற்கவில்லை. அடுத்த வருடம் சண்டை முடிந்தது என்று பட்டாசு கொளுத்தினார்கள், கிருஷ்ணம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை, அட்டை பார்த்துப் பிடித்துப்போவதும் நிற்கவில்லை. அந்தச் சிவப்பு எழுத்தை எடுத்துவிடச் சொல்லி ஃபோரத்துக்கு எழுதட்டுமா என்று அக்காவிடம் கேட்டேன். கொத்தமல்லி வறுத்துக்கொண்டிருந்தவர் உள்ளே எட்டி, தயாளினி தூங்குவதைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"அது கெடக்கட்டும் புள்ள. இன்னும் கொஞ்ச நாளைக்கு நான் கள்ளியாவே இருந்துக்கிறேன்."